கை உழைக்கட்டும், வாய் ஆணையிடட்டும்!



லேத்து முன் நிற்கும் தொழிலாளியின் இரு கைகளிலும் எண்ணெய். சாரத்தின் மேல் நிற்கும் கொத்தனாரின் ஒரு கையில் கரண்டி. மறு கை கம்பைப் பற்றியிருக்கிறது. சட்டைப்பையில் அலறும் கைபேசியைத் தொட இவர்களுக்கு ஏது மூன்றாவது கை? கை இல்லாவிட்டால் என்ன, வாய் இருக்கிறதே! வாயால் சொன்னால் கேட்டு நடக்கும் கைபேசி வந்துவிட்டது.

2011 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் தன் 'சிரி'யை வெளியிட்டபோது அது அறிந்திருந்த மொழிகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் ஆகிய மூன்றே. கூகுளின் குரல்வழித் தட்டச்சில் தமிழ் ஏறியது 2017 ஆகஸ்டில். இந்தி அதற்கு முன்பே நாற்காலி போட்டு அமர்ந்துவிட்டது! எந்தப் பந்தியிலும் நமக்குப் பின்வரிசைதானோ? ஆனால் 2024 ஜூனில் 'ஜெமினி' செயலி இந்தியாவுக்கு வந்தபோது முதல் நாளே தமிழும் இருந்தது. அன்பினாலா? இல்லை. வணிகனுக்கு மொழிமீது காதல் கிடையாது, எண்ணிக்கைமீது உண்டு. கோடிக்கணக்கில் தமிழர் பேசுவதை அவன் எண்ணிப் பார்த்துவிட்டான்.

வந்தும் பயன் என்ன? மேடை அதிர 'தமிழ் வாழ்க' என்று முழங்கும் நம் தோழர்கள் சிலர், கீழே இறங்கியதும் கைபேசியிடம் "கால்... கால் மை வைஃப்" என்று தடுமாறக் காண்கிறோம். நகைப்பதா, நாணுவதா?

ஆண்ட்ராய்டு கைபேசியானால் வேலை சிறிது. 'அமைப்புகள்' பகுதியில் கூகுள் என்ற பெயரைத் தொட்டு, 'வாய்ஸ் மேட்ச்' என்பதைத் தேடுங்கள். கருவிக்குக் கருவி இடம் மாறும். பெயர் கிடைத்தால் போதும். அதை இயக்கினால், திரையில் தோன்றும் தொடர்களைச் சொல்லச் சொல்லும். உங்கள் குரலை அது பழகிக்கொள்ளும் முறை அது. பிறகு மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். "அம்மாவுக்குப் போன் செய்", "காலை 5 மணிக்கு அலாரம் வை" என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். அடுக்குமொழி அதனிடம் செல்லாது! எந்திர இரைச்சலில் மைக் உள்ள இயர்போன் நலம். கடிதம் எழுத வேண்டுமா? விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து, மைக் படத்தைத் தொட்டுப் பேசினால் எழுத்தாகும். வட்டார வழக்கில் வேகமாகப் பேசினால் திணறும். அனுப்புமுன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

லாரித் தோழர்களுக்கு ஒரு சொல். ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. வாயால் பேசினாலும் கவனம் சிதறும். ஓரம் கட்டுவதே மேல்.

இன்னொன்றையும் மறைக்காமல் கூறுகிறோம். கூப்பிட்டதும் விழிக்கும் கருவி, கூப்பிடுவார்களா என்று எந்நேரமும் காது கொடுத்திருக்கும் கருவி! மக்கள் பேசிய பதிவுகளை ஒப்பந்த ஆட்கள் கேட்டு வந்த செய்தி 2019இல் அம்பலமாயிற்று. கூகுள் ஒப்புக்கொண்டது, ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. ஆகவே, போனஸ் பேச்சு நடக்கும் அறையில், வேலைநிறுத்த நாள் முடிவாகும் கூட்டத்தில், 'வாய்ஸ் மேட்சை' அணைத்துவிடுங்கள். கூகுள் கணக்கில் குரல் பதிவு சேமிக்கப்படுகிறதா என்று பார்த்து நிறுத்துங்கள். பழைய பதிவுகளை அழிக்கவும் வழி உண்டு.

தமிழைத் தேர்ந்தெடுத்த பின்னும் அதை எழுப்பும் சொல் 'ஹே கூகுள்'தான்! நம் பணத்தில் வாங்கி, நம் சட்டைப்பையில் உறங்கும் கருவியை எழுப்ப நமக்கொரு தமிழ்ச் சொல் கிடையாதா? செயலியிலேயே கருத்து அனுப்ப இடம் இருக்கிறது. கிளைதோறும் அனுப்புங்கள் தோழர்களே. தமிழில், வாயாலேயே சொல்லி அனுப்புங்கள்!