வீட்டில் எடை பார்க்கிறோம், எண் ஏன் மாறுகிறது?



நம் சுத்துக்கேணியிலும் சுற்றுப்புற ஊர்களிலும் பல வீடுகளில் இப்போது எடை மெஷின் இருக்கிறது. சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் என்று ஏதோ ஒன்றுக்காக மருத்துவர் "எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருப்பார். வாங்கிய சில நாட்களிலேயே ஒரு சந்தேகமும் வந்துவிடும். "காலையில் 64 கிலோ காட்டியது, இரவில் 66 காட்டுகிறது. மெஷின் கெட்டுப்போய்விட்டதா?"

பெரும்பாலும் மெஷின் கெட்டிருக்காது. நாம் எடை பார்க்கும் முறை ஒவ்வொரு நாளும் மாறுவதுதான் காரணம். இது சின்ன விஷயம்தானே என்று தோன்றலாம். ஆனால் சிலருக்கு இது உயிர் சம்பந்தப்பட்டது.

நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறோம். அறுபது வயதைக் கடந்த தாயார் ஒருவருக்கு இதயம் பலவீனம். உடலில் நீர் சேராமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். தினமும் எடை பார்த்து எழுதச் சொன்னார்கள். ஒருநாள் காலையில் வெறும் வயிற்றில் பார்ப்பார், ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்ப்பார். மெஷின் சில நாள் சிமெண்ட் தரையில் இருக்கும், சில நாள் பாயின் மேல் இருக்கும். நோட்டில் எண்கள் 2 கிலோ ஏறும், 2 கிலோ இறங்கும். "மெஷினே சரியில்லம்மா, விடுங்க" என்று சொல்லிவிட்டார் மகன். அடுத்த மாதம் உண்மையாகவே நீர் சேர்ந்து எடை ஏறியபோது அதை யாரும் கவனிக்கவில்லை. நள்ளிரவில் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிழைத்துக்கொண்டார். முறையாகப் பார்த்திருந்தால் சில நாட்களுக்கு முன்பே அந்த நோட்டு எச்சரித்திருக்கும்.

ஒரே நாளில் ஏன் மாறுகிறது?

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. இதை மட்டும் நினைவில் வைத்தால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தால் ஏறத்தாழ அரைக் கிலோ உடனே கூடும். சிறுநீர் கழித்தால், வயலில் வெயிலில் வேலை செய்து வியர்த்தால் குறையும். சாப்பிட்ட உணவும் அது வெளியேறும் வரை நம் எடையில் சேர்ந்தே இருக்கும். ஆகவே ஒரே நாளில் ஒன்று, இரண்டு கிலோ ஏறி இறங்குவது நல்ல உடல்நலம் உள்ளவருக்கும் இயல்பு.

உப்பும் ஒரு காரணம். ஊறுகாய், கருவாடு, கல்யாண பிரியாணி சாப்பிட்ட மறுநாள் எடை கூடியிருக்கும். உடல் சுமார் 9 கிராம் உப்பைத் தக்கவைத்தால், அதோடு ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரையும் தக்கவைக்கும். பெண்களில் சிலருக்கு மாதவிடாய் நெருங்கும் நாட்களிலும் நீர் தங்கி எடை சற்றுக் கூடும்.

இவை எதுவும் கொழுப்பு அல்ல. ஒரு கிலோ கொழுப்பு உடலில் சேர வேண்டுமானால், தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி சாப்பிட வேண்டும். அது ஓர் இரவில் நடக்கிற காரியம் இல்லை. அதேபோல, பட்டினி கிடந்து இரண்டு நாளில் 2 கிலோ குறைத்தேன் என்று சொல்பவரும் பெரும்பாலும் நீரைத்தான் இழந்திருக்கிறார்.

மெஷினை எங்கே வைப்பது?

டிஜிட்டல் மெஷினின் நான்கு கால்களிலும் சிறு உலோகத் துண்டுகள் உள்ளன. நாம் ஏறி நின்றதும் அவை கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகின்றன. அந்த வளைவை மின்சார அளவாக மாற்றி, நான்கையும் கூட்டித்தான் மெஷின் எண்ணைக் காட்டுகிறது. நான்கு கால்களும் கெட்டியான, சமமான தரையில் பதிந்திருந்தால்தான் கணக்கு சரியாக வரும்.

பாய், ஜமுக்காளம், மிதியடி, ரப்பர் விரிப்பு ஆகியவற்றின் மேல் வைக்கக் கூடாது. குளியலறை, முற்றம் போன்ற இடங்களில் தண்ணீர் ஓடுவதற்காகத் தரை சரிவாக இருக்கும். அங்கும் வேண்டாம். டைல்ஸ் தரையாக இருந்தால் ஒரு கால் இணைப்புப் பள்ளத்தில் இறங்காமல் பாருங்கள். நல்ல இடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சாக்பீஸாலோ பெயின்டாலோ நான்கு மூலைகளையும் குறித்துவிடுங்கள். தினமும் அங்கேயே வையுங்கள்.

மெஷினைத் தூக்கி இடம் மாற்றினால், முதலில் ஒருமுறை காலால் அழுத்தி, அது அணைந்து மறுபடி பூஜ்யத்துக்கு வரும்வரை விட்டுவிட்டு, பிறகு ஏறுங்கள். முள் உள்ள பழைய ஸ்பிரிங் மெஷினாக இருந்தால், ஏறுவதற்கு முன் முள் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்த்து, பக்கத்திலுள்ள திருகால் சரிசெய்யுங்கள்.

எப்போது, எப்படிப் பார்ப்பது?

காலையில் எழுந்து, சிறுநீர் கழித்த பிறகு, தண்ணீரோ டீயோ குடிப்பதற்கு முன் பார்ப்பதே சிறந்தது. சுபுஹு தொழுகைக்கு எழுபவர்களுக்கு இது எளிது. தொழுகைக்கு முன் என்றோ, தொழுதுவிட்டு வந்ததும் என்றோ ஒன்றை முடிவு செய்து அதையே தினமும் கடைப்பிடியுங்கள்.

உடையும் ஒரே மாதிரி இருக்கட்டும். கைலியும் பனியனும் என்றால் தினமும் அதுவே. பெண்கள் நைட்டியில் பார்ப்பதாக இருந்தால் நைட்டியிலேயே பார்க்கட்டும். சேலை, பாவாடை, ரவிக்கை எல்லாம் சேர்ந்தால் அரைக் கிலோவைத் தாண்டலாம். செல்போன், சாவிக்கொத்து, செருப்பு ஆகியவற்றை எடுத்து வையுங்கள். பாதம் உலர்ந்திருக்க வேண்டும். ஈரக் காலோடு கண்ணாடி மெஷினில் ஏறினால் வழுக்கும்.

இரண்டு பாதங்களையும் நடுவில் சமமாக வைத்து, நேராகப் பார்த்து, எண் நிலைக்கும் வரை அசையாமல் நில்லுங்கள். சுவரைப் பிடித்தால் எடையின் ஒரு பகுதி கைக்குப் போய்விடும். வயதானவர்களுக்குத் தள்ளாட்டம் இருந்தால் வீட்டிலுள்ள ஒருவர் அருகில் நிற்கட்டும். பிடிக்காமல் நிற்கவே முடியாதவர்களை வற்புறுத்தி ஏற்றாதீர்கள். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அது பெரிய சோதனை. அவர்களுக்கு வேறு வழி என்ன என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மெஷின் சரியா என்று சோதிப்பது

கடைத் தராசை எடையளவுத் துறை குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை சோதித்து முத்திரையிடுகிறது. வீட்டு மெஷினை யாரும் வந்து சோதிப்பதில்லை. நாமே சோதிக்க வேண்டும்.

முதலில், ஐந்து நிமிடத்துக்குள் மூன்று முறை ஏறி இறங்குங்கள். மூன்றும் ஒன்றாகவோ, 200 கிராமுக்குள்ளோ இருந்தால் நல்லது. சில மெஷின்கள் முந்தைய எண்ணை நினைவில் வைத்து அதையே திரும்பக் காட்டும். அதனால் நடுவில் ஒருமுறை, கையில் எதையாவது எடுத்துக்கொண்டு ஏறிப் பாருங்கள்.

அடுத்து, சீல் பிரிக்காத ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஏறுங்கள். எண் 2 கிலோவும் சற்றுக் கூடுதலும் ஏற வேண்டும். ஏறினால், மெஷின் மாற்றத்தைச் சரியாகக் காட்டுகிறது என்று பொருள். புதிதாக வாங்கிய, பிரிக்காத அரிசி மூட்டையையும் வைத்துப் பார்க்கலாம். அதில் 25 கிலோ, 26 கிலோ என்று அச்சிட்டிருக்கும். எண் தாறுமாறாக வந்தால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள். அதற்குப் பிறகும் அப்படியே இருந்தால்தான் புது மெஷின்.

மருத்துவமனை மெஷின் 65 என்றும் வீட்டு மெஷின் 64 என்றும் காட்டினால் கலங்க வேண்டாம். அங்கே உடை வேறு, நேரம் வேறு, மெஷின் வேறு. நமக்கு வேண்டியது நேற்றுக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம். அதை ஒரே மெஷினில் மட்டும்தான் பார்க்க முடியும்.

கொழுப்பு சதவீதம் காட்டும் மெஷின்கள் உடலில் சிறிதளவு மின்சாரத்தைச் செலுத்துகின்றன. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அவற்றில் ஏற வேண்டாம்.

யாருக்கு இது மிக முக்கியம்?

இதயம் பலவீனமானவர்களுக்கு, கால் வீக்கமோ மூச்சு வாங்குவதோ தொடங்குவதற்கு முன்பே உடலில் நீர் சேரத் தொடங்கியிருக்கும். அதை முதலில் காட்டக்கூடியது எடைதான். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்பது பொதுவான விதி. உங்கள் மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஓர் உதாரணம். ஒருவரின் காலை எடை 62.4, 62.7, 62.3, 62.6 என்று வருகிறது. இது சாதாரண ஏற்ற இறக்கம். அடுத்த நாள் 63.5, அதற்கடுத்த நாள் 64.8 என்றால் இரண்டு நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறியிருக்கிறது. அன்றே பேச வேண்டும். அதே மனிதர் ஒருநாள் காலையிலும் ஒருநாள் இரவிலும் பார்த்திருந்தால், இந்த ஏற்றம் மற்ற எண்களுக்குள் மறைந்துபோயிருக்கும்.

இது முதுமையில் வரும் நோய் என்றும் அசட்டையாக இருக்க முடியாது. 2013-ல் கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 18 மருத்துவமனைகளில் இதயச் செயலிழப்புக்காகச் சேர்க்கப்பட்ட 1,205 பேரைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். அவர்களின் சராசரி வயது 61. மேலை நாட்டு நோயாளிகளைவிட ஏறத்தாழ பத்து வயது குறைவு.

டயாலிசிஸ் செய்பவர்களுக்கு, ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையில் கூடும் எடை பெரும்பாலும் உடலில் தங்கிய நீர். எவ்வளவு நீரை எடுப்பது என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். சர்க்கரை நோயாளிகள் எந்த முயற்சியும் செய்யாமலே வாரக்கணக்கில் எடை குறைந்துகொண்டே போனால் மகிழ வேண்டாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம்.

கைக்குழந்தைகளுக்கு வீட்டு மெஷின் போதாது. நூறு கிராம் வித்தியாசம்கூட அவர்களுக்கு முக்கியம். அங்கன்வாடியிலோ சுகாதார நிலையத்திலோ உள்ள குழந்தைத் தராசில் பாருங்கள்.

நோயில்லாதவர்கள், எடை குறைக்க விரும்புபவர்கள் தினமும் எண்ணைப் பார்த்து மனம் கலங்க வேண்டாம். வாரம் ஒரே கிழமையில் பாருங்கள். தினமும் பார்த்தால் ஏழு நாள் எண்களைக் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியைச் சென்ற வாரத்தோடு ஒப்பிடுங்கள்.

ரமலானில் என்ன செய்வது?

நோன்பு திறப்பதற்கு முன் பார்த்தால் பகல் முழுவதும் நீர் குறைந்து எடை இறங்கியிருக்கும். கஞ்சியும் சர்பத்தும் வடையும் சாப்பிட்டபின் பார்த்தால் ஏறியிருக்கும். இரண்டும் ஏமாற்றும். ஸஹருக்கு எழுந்து, சிறுநீர் கழித்து, சாப்பிடுவதற்கு முன் பாருங்கள். மாதம் முழுவதும் அதையே கடைப்பிடியுங்கள். ரமலான் முடிந்து பழைய நேரத்துக்கு மாறும்போது முதல் சில நாள் எண்ணைப் பழையதோடு ஒப்பிட வேண்டாம்.

நீர் பிரியும் மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் நோன்பு வைக்கலாமா, மருந்து நேரத்தை எப்படி மாற்றுவது என்று ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

நோட்டில் எழுதுங்கள்

தேதி, எடை, கால் வீக்கம் உண்டா, மருந்து சாப்பிட்டாயிற்றா என்று நான்கு கட்டம் போட்ட நோட்டு போதும். ஜிப்மருக்கோ, கதிர்காமத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போகும்போது கையோடு எடுத்துச் செல்லுங்கள். மாதம் ஒருமுறை நம்மைப் பார்க்கும் மருத்துவருக்கு, இடையிலிருந்த 30 நாளையும் காட்டுவது அந்த நோட்டுதான்.

ஒன்றை மறக்க வேண்டாம். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, படுத்தால் மூச்சுவிட முடியாத நிலை இவை வந்தால் மெஷினைத் தேடாதீர்கள். எண் என்ன காட்டினாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.

மேலே சொன்ன தாயார் இப்போது தினமும் சுபுஹுக்கு முன், சுவரோரம் குறித்து வைத்த அதே இடத்தில் எடை பார்க்கிறார். பேத்தி எழுதி வைக்கிறாள். மெஷின் அதே பழைய மெஷின்தான்.

உடல் அல்லாஹ் நமக்குத் தந்த அமானிதம். கொடுக்கல் வாங்கலில் அளவைச் சரியாக வைக்கச் சொன்ன மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம். நம் உடலின் அளவையும் அதே கவனத்தோடு பார்ப்போம். அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.