களைத்த ஊழியர்கள் – 6: மாமனார் சொன்ன யோசனை

சென்ற வாரம் எலியாவை வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் விட்டுவிட்டு வந்தோம். கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகள் நானூற்றைம்பது பேரை ஒற்றை ஆளாக எதிர்த்து நின்றவர் அவர். மழை வந்த சந்தோஷத்தில் ஆகாபின் ரதத்துக்கு முன்னால் யெஸ்ரயேல் வரை ஓடியவர். யேசபேலிடமிருந்து ஒரு மிரட்டல் வந்ததும் அப்படியே உடைந்துபோனார். வேலைக்காரனை பெயெர்செபாவிலேயே நிறுத்திவிட்டுத் தனியாக வனாந்தரத்துக்குள் நடந்தார். உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கடவுளிடம் கேட்டுவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டார்.

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை இந்த இடத்தில் நிதானமாகப் படிக்க வேண்டும். தேவதூதன் வந்து தட்டி எழுப்புகிறான். பிரசங்கம் எதுவும் இல்லை. தணலில் சுட்ட அடை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறார். அதையும் யாரும் கண்டிக்கவில்லை. இரண்டாம் முறை எழுப்பி, இன்னும் சாப்பிடு, போக வேண்டிய தூரம் அதிகம் என்கிறான் தூதன். ஓரேபில் கடவுள் பேசுவது அதற்கும் நாற்பது நாள் நடைக்குப் பிறகுதான்.

இதே எலியா நம் ஜெபக் கூட்டம் ஒன்றுக்கு வந்து, என்னால் முடியவில்லை என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? சோர்வின் ஆவி பிடித்திருக்கிறது என்று நாலு பேர் தலையில் கை வைத்திருப்பார்கள். மூன்று நாள் உபவாசம் இருக்கச் சொல்லியிருப்பார்கள். கடவுள் இரண்டு முறை சோறு போட்டு எழுப்பிய மனிதனை நாம் பட்டினி போட்டிருப்போம்.

கீரனூர், ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமங்களில் சபை நடத்தும் எந்த ஊழியரின் வாரத்தையும் எடுத்துப் பாருங்கள். ஞாயிறு காலை ஆராதனை, மதியம் கிளைச்சபை, மாலையில் ஒரு வீட்டில் ஜெபம். திங்களன்று ஓய்வெடுக்கலாம் என்றால் ஓர் அடக்க ஆராதனை வரும். இரவு பதினொரு மணிக்கு யாராவது குழந்தைக்குக் காய்ச்சல் என்று போன் செய்வார்கள். நடுவில் ஆலயக் கட்டட நிதி, கல்யாணப் பஞ்சாயத்து, சபைக்குள் இரண்டு குடும்பச் சண்டை. ஊருக்கெல்லாம் ஓய்வுநாளைப் பற்றிப் பிரசங்கிப்பவருக்கு அந்த நாள்தான் வாரத்திலேயே வேலை அதிகம். ஐயரம்மாவின் பாடு இன்னும் மோசம். சம்பளமும் இல்லை, லீவும் இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வேலையால் வரும் இந்தச் சோர்வு நிலைக்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது: தீராத களைப்பு, செய்யும் வேலையின் மேலேயே ஒரு வெறுப்பு அல்லது விலகல், செய்வது எதுவும் உருப்படவில்லை என்ற எண்ணம். இதை நோய் என்று அது வகைப்படுத்தவில்லை. வேலையிடத்தில் சரியாகக் கையாளப்படாத நெடுநாள் அழுத்தத்தின் விளைவு என்றது. அதாவது பழுது ஆளிடம் மட்டும் இல்லை, வேலை அமைந்திருக்கும் விதத்திலும் இருக்கிறது. யாத்திராகமம் 18ஆம் அதிகாரம் சொல்வதும் இதையேதான்.

மோசே காலை முதல் மாலை வரை உட்கார்ந்து வழக்குத் தீர்க்கிறார். ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். பார்க்க வந்த மாமனார் எத்திரோ ஒரு நாள் முழுக்க இதைக் கவனித்துவிட்டு, நீ செய்வது சரியில்லை என்கிறார். நீயும் தளர்ந்துபோவாய், உன்னோடிருக்கும் ஜனமும் தளர்ந்துபோகும் என்பது அவர் கணக்கு. ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை வை, பெரிய வழக்கு மட்டும் உன்னிடம் வரட்டும் என்கிறார். எத்திரோ இஸ்ரவேலர் அல்ல, மீதியான் தேசத்து ஆசாரியன். சொன்னவர் வெளியாள், அதிலும் மாமனார். மருமகன் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டார் என்பதே ஓர் அற்புதம்தான்.

இந்த யோசனை நம் மாவட்டத்திலேயே நடைமுறைக்கு வந்த இடம் ஒன்று உண்டு. விராலிமலை வட்டாரத்து ஆவூர். மதுரை மிஷனைச் சேர்ந்த சேசு சபைக் குரு புஷே, ஜனங்களுக்குப் பெரிய சஞ்சீவிநாதர், பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே தங்கி ஊழியம் செய்தார். (இங்குள்ள பழைய கோயிலை அவர் 1547இல் கட்டியதாகச் சில சுற்றுலாக் குறிப்புகளில் பார்க்கலாம். மதுரை மிஷன் தொடங்கியதே 1606இல் என்பதால் அதை நம்ப வேண்டாம்.) முப்பது சிறு கோயில்களும் ஏறக்குறைய முப்பதாயிரம் கிறிஸ்தவர்களும் அவர் பொறுப்பில் இருந்ததாக உடன் ஊழியர் ஒருவரின் கடிதம் சொல்கிறது. மாட்டு வண்டியும் கால்நடையுமான காலம் அது. ஒரு மனிதர் எப்படிச் சமாளித்தார்?

உபதேசியார்கள் இருந்தார்கள். மதுரை மிஷனின் முதுகெலும்பே அவர்கள்தான். ஊர் ஊராகப் போய் மந்திரங்கள் சொல்லிக்கொடுப்பது, ஞானஸ்நானத்துக்கு ஆயத்தம் செய்வது, நோயாளியைப் பார்ப்பது, சின்னச் சண்டைகளைத் தீர்ப்பது எல்லாம் அவர்கள் வேலை. குரு வருவது வருஷத்தில் சில முறை, பூசைக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும்.

இதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே முத்துக்குளித்துறையில் பிரான்சிஸ் சவேரியார் இந்தத் தேவையைத் தன் உடம்பிலேயே உணர்ந்திருக்கிறார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது, ஜெபங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் குரல் போய்விடுகிறது என்று 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதினார். அவர் செய்ததும் ஊருக்கு ஓர் ஆளை நியமித்ததுதான். அவர்களுக்குச் சம்பளம் வேண்டுமே! போர்த்துக்கீச அரசியின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கடற்கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த 4,000 பணத்தைக் கேட்டு வாங்கினார். வேலையைப் பகிர்வது என்றால் கூலியையும் பகிர வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று பல சபைகளில் ஞாயிறு பள்ளி ஆசிரியைக்குக் கிறிஸ்துமஸில் ஒரு சேலை கொடுப்பதோடு நன்றி முடிந்துவிடுகிறது.

எலியாவுக்கும் கடைசியில் இந்தப் பகிர்வுதான் நடந்தது. நான் ஒருவன்தான் மீந்திருக்கிறேன் என்று அவர் ஒரே முறையீட்டை இரண்டு முறை சொல்கிறார். கடவுள் அவரிடம் வாதாடவில்லை. பாகாலுக்கு முழங்கால் மடக்காத ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்கிறார்; எலிசாவை அபிஷேகம் பண்ணச் சொல்கிறார். சாப்பாடு, தூக்கம், பிறகு ஒரு கூட்டாளி. விசுவாசம் இந்த மூன்றுக்கும் பதிலாக வருவது அல்ல. இந்த மூன்றையும் கடவுள் கையிலிருந்து கூச்சப்படாமல் வாங்கிக்கொள்வதே விசுவாசம் என்பது என் கட்சி.

ஓர் எச்சரிக்கை. வாரக்கணக்கில் தூக்கம் இல்லாமல், சாவைப் பற்றிய நினைப்பும் வந்துகொண்டிருந்தால், ஓய்வும் ஜெபமும் மட்டும் போதாது. மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலிமானஸ் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம், தமிழிலும்.

சபையாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் பெயின்ட் செலவைப் பேசுவதற்கு முன் இதைப் பேசுங்கள்: உங்கள் ஐயருக்கோ பங்குச் சாமியாருக்கோ வாரத்தில் எந்த நாள் விடுமுறை? அந்த நாளில் வரும் போனை யார் எடுப்பது? பெயர் எழுதி, நோட்டீஸ் பலகையில் ஒட்டிவிடுங்கள்.

(அடுத்த வாரம்: படகில் தூங்கிய இயேசு)