பறப்பவர் ஒருவர், பணம் கட்டுபவர் இன்னொருவர்

நான் வேலைசெய்யும் மீன் தொழிற்சாலையின் விற்பனை முகாமையாளரிடம் விமானக் கொம்பனியின் தங்க அட்டை இருக்கிறது. மாதத்தில் நாலைந்து தடவை பறக்கிறார். ரிக்கற்றுக்குப் பணம் கட்டுவது தொழிற்சாலை. புள்ளிகள் சேர்வது அவருடைய பெயரில். கோடையில் அந்தப் புள்ளிகளிலேயே குடும்பத்துடன் ஸ்பெயினுக்குப் போய்வருவார். நல்ல மனிதர், அவரில் குற்றமுமில்லை. யாழ்ப்பாணத்தில் பொருளியல் படிப்பித்த பழக்கம், மீன் வெட்டும்போதும் இந்தக் கணக்கே மனதில் ஓடுகிறது.

1978இல் அமெரிக்காவில் விமானக் கட்டணங்கள் மீதான அரச கட்டுப்பாட்டைத் தளர்த்தும் சட்டம் வந்தது. கட்டணத்தில் போட்டி தொடங்கியதும் பயணியைக் கட்டிவைக்க ஒரு கயிறு தேவைப்பட்டது. 1981இல் அமெரிக்கன் எயர்லைன்ஸ் தொடங்கிய புள்ளித் திட்டத்தை மற்றவையும் பின்பற்றின. சூட்சுமம் எளிது: விமானத்தைத் தெரிவுசெய்பவர் பணம் கட்டுவதில்லை, விலை கூடினாலும் அவருக்கு நோகாது.

நாம் வாழும் நோர்வே இதை விளங்கிக்கொண்ட நாடு. எஸ்.ஏ.எஸ். நிறுவனம் பிராத்தன்சை வாங்கி உள்நாட்டுச் சந்தையில் ஏறத்தாழத் தனித்து நின்றபோது, உள்நாட்டுப் பறப்புகளுக்கு அது புள்ளி கொடுப்பது 2002இல் தடைசெய்யப்பட்டது. 2007இல் தடை எல்லாக் கொம்பனிகளுக்கும் விரிந்தது. 2013இல் நீக்கப்பட்டது. போட்டிச் சட்டத்தின் தடை அது. வளிமண்டலம் அந்தக் கணக்கில் இருக்கவேயில்லை.

மனிதர் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் விமானங்களின் பங்கு சுமார் 2.5 வீதம். பார்க்கச் சிறிதுதான். ஆனால் கொஸ்லிங், ஹும்பே ஆகிய இருவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2018இல் உலக மக்களில் 11 வீதத்தினரே விமானத்தில் ஏறினார்கள். வர்த்தக விமானங்களின் காபனீரொட்சைட்டில் பாதிக்குக் காரணம், கூடினால், 1 வீதத்தினர். புள்ளித் திட்டம் பரிசளிப்பது இவர்களுக்கே. பரிசும் இன்னொரு பறப்பு. தங்க அட்டையின் தகுதியோ குறித்த காலத்துடன் முடிந்துவிடும். அதைக் காப்பாற்றுவதற்காகவே, போகவேண்டிய இடம் எதுவுமில்லாமல் பறப்பவர்கள் இருக்கிறார்கள். 2024 கடைசியில் எஸ்.ஏ.எஸ். ஒரு போட்டி வைத்தது: மூன்று மாதத்துக்குள் கூட்டணியின் 15 கொம்பனிகளில் பறந்தால் பத்து இலட்சம் புள்ளிகள். நூற்றுக்கணக்கானோர் உலகைச் சுற்றி வந்தார்கள்.

பிரித்தானியக் காலநிலைக் குழுவுக்காக 2019இல் கார்மைக்கேல் எழுதிய அறிக்கை இத்தகைய திட்டங்களைத் தடைசெய்யச் சொன்னது. தடை வரவில்லை.

நம்மவர்களை மறந்து இதை எழுத முடியாது. பத்து வருடத்துக்கு ஒருமுறை தாயைப் பார்க்கக் கொழும்புக்குப் பறப்பவரையும் மாதம் நாலு தடவை பறப்பவரையும் ஒரே வரியால் அடிப்பது அநியாயம். பறக்கப் பறக்க வரி கூடவேண்டும். சூழல் பற்றிப் பேசக் கண்டம்விட்டுக் கண்டம் போகும் நண்பர்களும் அந்த வரிசையில் வருவார்கள். நான்கூட வருவேன். போன வருடம் அம்மாவின் ஆட்டைத்திவசத்துக்கு முகாமையாளர் தன் புள்ளிகளில் ரிக்கற் எடுத்துத் தந்தார். வேண்டாமென்று நான் சொல்லவில்லை. மாற்றுக் கருத்துள்ள நண்பர்கள் எழுதலாம்.