ஸ்ப்ரே பெயின்ட்டில் கை வைக்கும் முன்

பெயின்ட்டை உரிக்கப் போய் உயிரோடு வீடு திரும்பாதவர்கள் உண்டு. அமெரிக்காவில் 2000 முதல் 2011 வரை, பழைய குளியல் தொட்டிகளின் பூச்சை உரித்துப் புதுப்பிக்கும் தொழிலாளர்கள் 13 பேர் இறந்ததை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-இல் வெளியிட்டது. காற்றோட்டமில்லாத குளியலறை, கையில் பெயின்ட் ரிமூவர், அதற்குள் மெத்திலீன் குளோரைடு. டைகுளோரோமீத்தேன் என்பதும் இதன் பெயர்தான். இதன் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே எழாமல் தொட்டிக்குள்ளேயே தேங்கும். குனிந்து தேய்ப்பவர் மூச்சுக்கு மூச்சு அதைத்தான் இழுப்பார். உடலுக்குள் போனதில் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறி, இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கவிடாமல் தடுக்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் இந்த வேதிப்பொருள் கலந்த ரிமூவரைப் பொதுமக்களுக்கு விற்பதை முன்பே நிறுத்திவிட்டது. அமெரிக்கா 2019-இல் நிறுத்தியது. ஸ்ப்ரே கிறுக்கலை அழிக்க நம் ஊர் ஹார்டுவேர் கடையில் ரிமூவர் டப்பாவைக் கையில் எடுப்பவர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன் லேபிளைப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன இரண்டு பெயர்களில் ஒன்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது. துணி மாஸ்க் இந்த ஆவியைத் தடுக்காது. மருத்துவமனைகளில் போடும் நைட்ரைல் கையுறையையும் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும்.

கடை ஷட்டரிலோ, கார் கண்ணாடியிலோ, அடுக்குமாடிச் சுவரிலோ யாரோ இரவில் ஸ்ப்ரே அடித்துவிட்டுப் போனால், காலையில் பார்ப்பவருக்கு ஆத்திரம் வருவது இயல்பு. அந்த ஆத்திரத்தில் கைக்குக் கிடைத்த தின்னர், பெட்ரோல், பாத்ரூம் ஆசிட், கம்பி நார் என்று எல்லாவற்றையும் போட்டுத் தேய்ப்பதில்தான் நிரந்தரச் சேதம் நேர்கிறது. ஸ்ப்ரே பெயின்ட் பெரும்பாலான பரப்புகளில் மேலோடு ஒட்டும் மெல்லிய படலம். அதை எடுக்கலாம். அமிலம் அரித்த கண்ணாடியை எளிதில் சரிசெய்ய முடியாது; மணல் வீச்சில் தோலுரிந்த கல்லைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவே முடியாது.

முதல் வேலை துடைப்பது என்று நினைக்கிறோம். அதற்கு முன் போட்டோ எடுக்க வேண்டும். தூரத்திலிருந்து ஒன்று, அருகிலிருந்து ஒன்று, தெருவும் கதவு எண்ணும் தெரிய ஒன்று. பக்கத்துக் கடையின் சிசிடிவி பதிவை அழியும் முன் கேட்டு வாங்கிவிட வேண்டும். அதன் பிறகு தாமதிக்கக்கூடாது. பெயின்ட் நாள்பட நாள்பட இறுகும்.

பரப்புகளிலேயே கண்ணாடிதான் எளிது. அதற்குத் துளைகள் இல்லை, பெயின்ட் உள்ளே இறங்குவதில்லை. வெயில் ஏறாத காலை நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். சூடான கண்ணாடியில் திரவம் வேலை செய்வதற்குள் ஆவியாகிவிடும். முதலில் சோப்புத் தண்ணீரால் தூசியைக் கழுவ வேண்டும். பிறகு அசிட்டோனைப் பருத்தித் துணியில் நனைத்து, கறைமேல் சற்று நேரம் ஒற்றிவைத்துத் துடைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். மிஞ்சியதைப் புது பிளேடால் எடுக்கலாம். கண்ணாடி எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். பிளேடைச் சாய்த்துப் பிடித்து ஒரே திசையில் தள்ள வேண்டும், பின்னால் இழுக்கக்கூடாது. வலுவூட்டிய டஃபன்ட் கண்ணாடி என்றால் பிளேடே வேண்டாம். உலையில் சூடேற்றும்போது அதன் ஒரு பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் துகள்கள் ஒட்டியிருக்கக்கூடும்; பிளேடு அவற்றை இழுத்துக்கொண்டு போய் நீள நீளமாகக் கீறிவிடும். அது டஃபன்ட்தானா என்பதை மூலையில் பொறித்திருக்கும் சிறு முத்திரையைக் கொண்டு பல நேரம் அறியலாம். சன் ஃபிலிம் ஒட்டிய பக்கத்தில் அசிட்டோனும் கூடாது, பிளேடும் கூடாது. காரின் முன் கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. ஓரத்தில் அசிட்டோன் இறங்கினால் அந்தப் படலம் வெளுத்துப்போகும்; ரப்பர் பீடிங்கும் பாடியின் பெயின்ட்டும் சேர்ந்து கெடும். துணியை நனைக்க வேண்டுமே தவிர, கண்ணாடியில் ஊற்றக்கூடாது.

அசிட்டோன், தின்னர், பெட்ரோல் மூன்றின் ஆவியும் சட்டென்று தீப்பற்றும். அசிட்டோன் ஆவி பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி குளிரிலேகூட நெருப்பு பிடிக்கவல்லது. சென்னையின் மே மாத வெயிலில், மூடிய கடைக்குள், சாமி விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது இவற்றைத் திறப்பது விபத்துக்கு வழிவிடுவதுதான். பெட்ரோலை இந்த வேலைக்கு எடுக்கவே கூடாது.

கண்ணாடி போலவே தெரியும் எல்லாமே கண்ணாடி ஆகிவிடாது. பேருந்து நிழற்குடைகளிலும் விளம்பரப் பெட்டிகளிலும் இருப்பது பல நேரம் பாலிகார்பனேட் அல்லது அக்ரிலிக். அதில் அசிட்டோன் பட்டால் அந்த இடம் பால்போல் மங்கி, நூல் நூலாக வெடிக்கும்.

இதையெல்லாம்விட அஞ்சவேண்டிய பொருள் ஒன்று இருக்கிறது. கண்ணாடியையே கரைக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். சில துருநீக்கிகளிலும் கல் சுத்தப்படுத்தும் திரவங்களிலும் கண்ணாடியில் உரு பொறிக்கும் கலவைகளிலும் இது இருக்கிறது. ரயில் ஜன்னல்களில் பெயர் பொறிக்க இதே வகைக் கலவையைப் பயன்படுத்தும் கிறுக்கல்காரர்களும் உண்டு. அந்த எழுத்தை எந்தத் திரவத்தாலும் துடைக்க முடியாது. கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்ற வேண்டும், இல்லையென்றால் மாற்ற வேண்டும். எழுத்தின் மேல் பிசுபிசுப்பாக ஏதேனும் இருந்தால் வெறும் கையால் தொடக்கூடாது.

நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் உடனே எரியாது. வலி தொடங்கப் பல மணி நேரம் ஆகலாம். அதற்குள் அது தசையைத் தாண்டி எலும்புவரை போய், உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயத் துடிப்பு தடுமாறும். அடர் அமிலமாக இருந்தால், உடல் பரப்பில் நூற்றில் இரண்டு மூன்று பங்கு வெந்ததற்கே உயிர் போயிருக்கிறது. பட்டவுடன் உடையைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். மருத்துவமனையில் ‘ஆசிட் பட்டது’ என்று மட்டும் சொன்னால் போதாது. அமிலத்தின் பெயரைச் சொல்ல வேண்டும், டப்பாவையும் கொண்டுபோக வேண்டும். கால்சியம் குளுகோனேட் என்ற தனி மருந்து இதற்கு உண்டு. பெயர் தெரிந்தால்தான் மருத்துவர் அதைத் தேடுவார். பாத்ரூம் ஆசிட்டில் இருப்பது வேறு அமிலம். அது பெயின்ட்டை எடுக்காது. அதோடு பிளீச்சிங் பவுடர் கலந்தால் நுரையீரலைப் பொசுக்கும் குளோரின் வாயுதான் மிஞ்சும்.

ஷட்டர், கேட் போன்ற பெயின்ட் அடித்த இரும்பில் ரசாயனம் கிறுக்கலோடு பழைய பூச்சையும் தின்றுவிடும். அங்கே உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பிரைமர் அடித்து, மேலே பெயின்ட் அடிப்பதே செலவு குறைந்த வழி.

கல்லும் செங்கல்லும் வேறு கதை. துளைகள் வழியே பெயின்ட் உள்ளே இறங்கியிருக்கும். அழுத்தத் தண்ணீர் அதை இன்னும் ஆழமாகத் தள்ளும். மணல் வீச்சு கல்லின் மேற்பரப்பையே செதுக்கிவிடும். தமிழகக் கோயில்களில் பெயின்ட்டையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்க இப்படி மணலைப் பீய்ச்சியதில் கல்வெட்டு எழுத்துகளும் சிற்ப முகங்களும் மழுங்கின. பின்னர் அந்த முறைக்குத் தடை வந்தது, மழுங்கியது மழுங்கியதுதான். அந்தத் தூசியைச் சுவாசிக்கும் தொழிலாளிக்கு சிலிக்கோசிஸ் என்ற தீராத நுரையீரல் நோய் வரக்கூடும். 2024 ஜூனில் இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கற்கள்மேல் போராட்டக்காரர்கள் ஆரஞ்சு நிறப் பொடியைத் தூவியபோது, பராமரிப்பாளர்கள் தண்ணீரைத் தொடவில்லை. நனைந்தால் நிறம் ஊறிவிடும் என்பதாலும், கல்மேல் வளரும் அரிய பாசிக் காளான்கள் கெடும் என்பதாலும் காற்றை ஊதியே பொடியை அகற்றினார்கள்.

செஞ்சிக் கோட்டையில் காதலர் பெயர்களைப் பார்த்துக் கொதித்து, வாளியும் பிரஷ்ஷுமாகக் கிளம்பும் தன்னார்வலர்களுக்கு ஒரு வார்த்தை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்பவருக்கு 1958-ஆம் ஆண்டுத் தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி இரண்டாண்டு சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம் வரை விதிக்கலாம். அதே பிரிவில் ‘மாற்றுவது’ என்ற செயலும் குற்றமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. நல்லெண்ணத்தோடு தேய்ப்பதும் அதற்குள் வரலாம். தொல்லியல் துறைக்குத் தகவல் கொடுத்து, அவர்களுடைய வேதியியலாளர்களிடம் விடுவதே சரி.

தனியார் சொத்தில் கிறுக்கியது பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ஆவது பிரிவின்கீழ் சேதம் விளைவித்த குற்றம். இழப்பு 20,000 ரூபாயை எட்டினால் இரண்டாண்டு வரையும், ஒரு லட்சத்தை எட்டினால் ஐந்தாண்டு வரையும் தண்டனை உயர்கிறது. அதனால் கண்ணாடிக் கடையிலிருந்து எழுத்து மூலமான மதிப்பீடு வாங்கிப் புகாரோடு இணைப்பது வழக்கின் எடையையே மாற்றும். காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். போடாவிட்டாலும் மனு ரசீதாவது (சி.எஸ்.ஆர்.) கேட்டு வாங்க வேண்டும். முழுக் காப்பீடு எடுத்த வாகனத்துக்கு, பிறர் வேண்டுமென்றே செய்த சேதமும் பொதுவாகப் பாலிசிக்குள் அடங்கும்.

வரைந்தவருக்கும் உரிமை உண்டு என்பதை வீட்டுவசதிச் சங்கங்களும் அலுவலகங்களும் மறந்துவிடுகின்றன. அனுமதியின்றி அடித்த கிறுக்கலைப் பற்றியதல்ல இது; கூப்பிட்டு வரையச் சொன்ன ஓவியத்தைப் பற்றியது. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த அமர்நாத் சேகலின் பிரம்மாண்ட வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-இல் அரசே பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டுச் சிதைத்தது. 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவைக் காட்டி, சிற்பத்தைத் திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. நியூயார்க்கின் ஃபைவ் பாயின்ட்ஸ் கட்டடத்தில், உரிமையாளர் அனுமதித்திருந்த ஸ்ப்ரே ஓவியங்களின்மேல் 2013-இல் அவரே இரவோடு இரவாக வெள்ளையடித்தார். நீதிமன்றத் தீர்ப்பால் 21 ஓவியர்களுக்கு அவர் 67.5 லட்சம் டாலர் கொடுக்கும்படி ஆயிற்று.

துடைக்க வந்த நிறுவனம் கண்ணாடியைக் கீறிவிட்டால் அது சேவைக் குறைபாடு. என்ன ரசாயனம், என்ன முறை என்பதை வேலைக்கு முன் எழுதி வாங்கிக்கொண்டு, தெரியாத ஒரு மூலையில் சோதித்துக் காட்டச் சொல்லலாம். தொழிலாளிக்கு வேலையின்போது காயம் பட்டால் முதலாளி இழப்பீடு தரவேண்டும் என்பது 1923 முதல் இந்நாட்டுச் சட்டம். கையுறையும் காற்றோட்டமும் கேட்பது அவருடைய உரிமை. வாடிக்கையாளர் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். தீரவில்லையென்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை.