மே மாதத்தில் தொண்டை கட்டிய பெருக்கி

டெல்லியின் வெப்பநிலை என்று வானொலியும் செய்தித்தாளும் சொல்லும் எண், சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் எடுக்கப்படுவது. நாங்கள் வசிக்கும் லக்ஷ்மிபாய் நகரிலிருந்து அது கூப்பிடு தூரம்தான். ஜனவரி இரவுகளில் எட்டு டிகிரிக்குக் கீழே இறங்கும் அந்த எண், மே மாதப் பகல்களில் நாற்பதைத் தாண்டிவிடும். இதற்கும் மின்னணுவியலுக்கும் என்ன சம்பந்தம் என்று முன்பு யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. ஒரே ஒரு டிரான்சிஸ்டர்தான் அதைக் கற்றுக்கொடுத்தது.

மகளின் வயலின் பயிற்சியைப் பதிவு செய்ய, ஒரு ஜனவரி மாதம் சின்னப் பெருக்கி ஒன்று செய்தேன். ஐஎன்ஏ நிலையத்தில் மெட்ரோ ஏறினால், வண்டி மாறாமல் சாந்தினி சௌக்கில் இறங்கிவிடலாம். அங்கிருந்து நடந்தால் செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட். பிசி 547 டிரான்சிஸ்டர், கொஞ்சம் மின்தடைகள், மின்தேக்கிகள், ஒரு மைக் எல்லாம் வாங்கி வந்தேன். சுற்று மிக எளியது. ஒன்பது வோல்ட் மின்சாரத்திலிருந்து 1.8 மெகா ஓம் மின்தடை வழியாக டிரான்சிஸ்டரின் அடிவாய்க்கு (பேஸ்) ஒரு துளி மின்னோட்டம் போகும். ஏற்பானுக்கு (கலெக்டர்) மேலே 4.7 கிலோ ஓம். உமிழ்ப்பான் (எமிட்டர்) நேராகத் தரைக்கு. எந்தத் தொடக்கநிலைப் புத்தகத்திலும் முதல் பக்கங்களில் வரும் சுற்று இது. ஏற்பானில் 2.5 வோல்ட் காட்டியது. நடுவில், அதாவது 4.5 அளவில், இருந்தால்தான் ஒலியலை மேலும் கீழும் சமமாக ஆட முடியும். ஆனாலும் வயலின் சுத்தமாகக் கேட்டது, அப்படியே விட்டுவிட்டேன்.

மே மாதம் பிறந்ததும் பெருக்கிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அரசுக் குடியிருப்பு எங்களுடையது. பகல் வெயில் முழுவதும் கூரை வழியாக அறைக்குள் இறங்கும். மந்தர ஸ்தாயி ஓரளவு சரியாக வரும். வில்லை அழுத்தி வாசித்தால் கரகரவென்று உடையும். ஏற்பானில் அளந்தால் 0.6 வோல்ட். அலை கீழ்நோக்கி ஆட இடமே இல்லை. தரையில் தலை முட்டி நசுங்குகிறது. ஒன்பது வோல்ட்டை மாறாமல் தருவது 7809 ஐசி, எனவே மின்சாரம் குறைந்திருக்க வாய்ப்பில்லை. சாலிடர் வைத்த இடங்களை மறுபடி சூடாக்கினேன். மைக்கை மாற்றினேன். பயனில்லை.

பிறகு அடிவாயை அளந்தேன். அங்கே 0.6 வோல்ட் இருக்க வேண்டும். என் பழைய முள் மீட்டர் 0.24 காட்டியது. டிரான்சிஸ்டர் செத்துவிட்டது என்று முடிவு கட்டினேன். அது தவறு. இந்தத் தவறைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பொழுதுபோக்காகச் சுற்று கட்டுகிற பலர் இதில் விழுகிறார்கள்.

முள் மீட்டரின் முள்ளை நகர்த்துவதற்கும் மின்னோட்டம் வேண்டும். என் மீட்டர் வோல்ட்டுக்கு 20,000 ஓம் வகை, 2.5 வோல்ட் அளவில் வைத்தால் அதன் மொத்தத் தடை 50,000 ஓம். அடிவாய்க்குப் போவதோ ஐந்து மைக்ரோஆம்பியர்கூட இல்லை. அந்த இடத்தில் மீட்டரை வைத்ததும், அடிவாய்க்குப் போக வேண்டிய அத்தனையையும் மீட்டரே குடித்துவிடுகிறது. 1.8 மெகா ஓமும் 50 கிலோ ஓமும் ஒன்பது வோல்ட்டைப் பங்கு போட்டால் கீழே வருவது சரியாக 0.24. மீட்டர் பொய் சொல்லவில்லை. தான் தொட்டபிறகு அங்கே இருக்கும் நிலையைத்தான் சொன்னது. தொடுவதற்கு முன் இருந்த நிலை வேறு. பத்து மெகா ஓம் தடையுள்ள டிஜிட்டல் மீட்டரை வைத்தபோது 0.6 அளவே வந்தது.

அதற்குள் டிரான்சிஸ்டரை மாற்றியிருந்தேன். அதே பொட்டலத்திலிருந்து இன்னொன்றைப் போட்டால் 5.1 வோல்ட். மூன்றாவது 3.3. நான்காவது 0.2. கடைக்காரர் மேல் குற்றமில்லை. பிசி 547-இன் மின்னோட்டப் பெருக்கம் 110 முதல் 800 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்று தயாரிப்பாளர்களே தரவுத்தாளில் அச்சடிக்கிறார்கள். அடிவாயில் நுழையும் ஒரு பங்குக்கு, ஒன்று 180 பங்கை ஏற்பானில் இழுக்கும். இன்னொன்று 400 பங்கை. என் சுற்றோ, எல்லா டிரான்சிஸ்டரும் ஒரே குணம் என்று நம்பிக் கட்டப்பட்டது. சரி, ஆளுக்கு ஆள் வித்தியாசம் புரிகிறது. ஆனால் ஜனவரியில் 2.5 காட்டிய அதே டிரான்சிஸ்டர் மே மாதத்தில் 0.6 காட்டுவது ஏன்?

விடை ஒரு தண்ணீர் பாட்டில் வழியாக வந்தது. பக்கத்து வீட்டுப் பையன் இங்கே தமிழ்ப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறான். ஃப்ரிட்ஜிலிருந்து பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டு வந்து, அதே கையால், நான் சுற்றில் திரும்பப் போட்டிருந்த பழைய டிரான்சிஸ்டரின் கறுப்புத் தலையைப் பிடித்தான்.

“மாமா, நான் பிடிச்சா ஏறுது, விட்டா இறங்குது!”

மீட்டரில் 0.6 மெதுவாக 0.9 ஆகி, விட்டதும் திரும்பியது. கையில் ஈரம் இருந்ததால் எனக்குச் சந்தேகம். ஈரம் கால்களுக்கிடையே மின்சாரத்தைக் கசியவிட்டிருக்கலாம். எனவே ஒரு பனிக்கட்டியைப் பாலித்தீன் பையில் போட்டு, கால்களில் படாமல் தலையில் மட்டும் வைத்தோம். 0.9. 1.4. 1.8. 2.2-இல் வந்து நின்றது. எங்கள் மேசைக்கு மே மாதத்தில் ஜனவரி வந்துவிட்டது.

சிலிக்கான் டிரான்சிஸ்டரின் மின்னோட்டப் பெருக்கம் டிகிரிக்கு அரை முதல் ஒரு சதவீதம் வரை ஏறும். முப்பது டிகிரி வித்தியாசத்தில் முந்நூறு என்பது நானூறை நெருங்கிவிடும். அடிவாயில் அதே ஐந்து மைக்ரோஆம்பியர், ஏற்பானில் 1.4 மில்லிஆம்பியர் இருந்த இடத்தில் 1.8. அந்த 0.4 மில்லிஆம்பியர் 4.7 கிலோ ஓம் வழியாகப் போகும்போது இரண்டு வோல்ட்டை விழுங்கிவிடுகிறது.

டிரான்சிஸ்டருக்கு முன்பு பெருக்கிகளில் இருந்த வால்வுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவை சூட்டை நம்பியே வேலை செய்தவை. பழுக்கக் காய்ந்த உலோகம் எலக்ட்ரான்களை உமிழ்வதைப் பற்றி, புது டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரான வத்திராயிருப்பு கே.எஸ். கிருஷ்ணன் நுட்பமான ஆய்வுகள் செய்திருக்கிறார். 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் பிறந்த டிரான்சிஸ்டர் ஜெர்மானியத்தால் ஆனது. சூட்டைக் கண்டால் அதற்கு ஆகாது. 1954 மே 10 அன்று அமெரிக்காவின் டேட்டன் நகரில் நடந்த மாநாட்டில் விஞ்ஞானி கார்டன் டீல் இதை எல்லோர் கண்முன்னும் காட்டினார். இசைத்தட்டு பாடிக்கொண்டிருக்கும்போதே, அதன் பெருக்கியிலிருந்த ஜெர்மானிய டிரான்சிஸ்டரைச் சூடான எண்ணெயில் முக்கினார், பாட்டு நின்றுவிட்டது. சிலிக்கான் டிரான்சிஸ்டரை முக்கினார்; பாட்டு தொடர்ந்தது. அந்த நிகழ்ச்சியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். ஆனால் சிலிக்கான் சூட்டைத் தாங்குமே தவிர, சூட்டை உணராமல் இருக்காது என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

சுற்றைப் பிரித்துக் கட்டினோம். 1.8 மெகா ஓமை எடுத்துவிட்டு, 47 கிலோ ஓமும் 10 கிலோ ஓமும் ஒன்பது வோல்ட்டைப் பங்கு போட்டு அடிவாயை ஒன்றரை வோல்ட் அளவில் பிடித்துக்கொள்ளும்படி செய்தோம். உமிழ்ப்பானுக்கும் தரைக்கும் நடுவே ஒரு கிலோ ஓம். இந்த ஒரு மின்தடைதான் மூக்கணாங்கயிறு. சூட்டில் மின்னோட்டம் கூடினால் இதன் மேல் விழும் வோல்ட்டும் கூடும்; உமிழ்ப்பான் மேலே ஏறும். அடிவாயோ நகராமல் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள அழுத்தம் குறைந்து, டிரான்சிஸ்டர் தன் மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. மாடு ஓட ஓடக் கயிறும் தானாக இறுகும்.

இதற்கு எதிர்ப் பின்னூட்டம் என்று பெயர். 1927 ஆகஸ்ட் 2 காலை, வேலைக்குப் போகும் வழியில் ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்துகொண்டிருந்தபோது பொறியாளர் ஹரால்ட் பிளாக்குக்கு இந்த யோசனை உதித்தது. கையிலிருந்த செய்தித்தாளின் பக்கத்திலேயே எழுதிவைத்தார். பெருக்கத்தில் ஒரு பகுதியைத் தியாகம் செய்து நிதானத்தை வாங்கிக்கொள்வதுதான் அதன் சாரம். எங்கள் சுற்றும் அந்த விலையைக் கொடுத்தது. பெருக்கம் 4.7 கிலோ ஓமை ஒரு கிலோ ஓமால் வகுத்த அளவுக்கு, ஐந்து மடங்குக்கும் கீழே, விழுந்துவிட்டது. வயலின் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. உமிழ்ப்பான் மின்தடைக்குப் பக்கத்தில் 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைத்ததும் குரல் திரும்பியது. ஒலியலை அந்தக் குறுக்குவழியில் போய்விடும். மெதுவாக மாறும் சூடு போக முடியாது, கயிற்றிடம் மாட்டிக்கொள்ளும். ஒரே கம்பியில் வரும் இரண்டு விருந்தாளிகளுக்கு இரண்டு வாசல்.

நான்கு டிரான்சிஸ்டர்களையும் மாற்றி மாற்றிப் போட்டோம். எல்லாமே நாலரையை ஒட்டியே நின்றன. பையன் மறுபடி பனிக்கட்டியை வைத்தான். 4.4 வோல்ட், 4.7 வரை ஏறியது.

“இன்னும் கொஞ்சம் நகருதே மாமா?”

நகரத்தான் செய்யும். ஒரே மின்னோட்டத்துக்கு அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் நடுவே வேண்டிய அழுத்தம், டிகிரிக்கு இரண்டு மில்லிவோல்ட் வீதம் சூட்டில் குறைகிறது. முப்பது டிகிரிக்கு அறுபது மில்லிவோல்ட். அந்த மிச்சம்தான் ஏற்பானில் பெரிதாகி 0.3 வோல்ட்டாகத் தெரிகிறது.

கொஞ்ச நேரம் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்போ இது தெர்மாமீட்டர்தானே?”

மிச்சமிருந்த பிசி 547 ஒன்றின் அடிவாயையும் ஏற்பானையும் ஒன்றாக முறுக்கி, 100 கிலோ ஓம் வழியாக ஒன்பது வோல்ட் கொடுத்து, பால்கனி நிழலில் தொங்கவிட்டோம். பகல் இரண்டரை மணிக்கு 562 மில்லிவோல்ட். மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு அவன் கதவைத் தட்டியபோது 588. இருபத்தாறை இரண்டால் வகுத்து, நோட்டில் ‘13 டிகிரி’ என்று பென்சிலால் எழுதிவிட்டு, சஃப்தர்ஜங் கணக்கு வரும் பேப்பருக்காகப் படியில் உட்கார்ந்துகொண்டான்.