பனிக்காலத்தில் ஓர் ஒற்றையடிப் பாதை

பணி ஓய்வுக்குப் பிறகு, மகள் குடும்பத்தோடு சில மாதங்கள் தங்குவதற்காக முதன்முறையாக நான் மான்செஸ்டர் நகருக்குச் சென்றது ஓர் அக்டோபர் மாதத்தில். 'கோடையில் வந்திருக்கலாமே, இனி மழையும் குளிரும்தானே' என்றுதான் அனைவரும் கூறினர். மூன்று முறை போய்வந்த அனுபவத்தில் இன்று என்னால் மறுத்துச் சொல்ல முடியும். இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தை நடந்து காண இலையுதிர்காலமும் குளிர்காலமுமே ஏற்றவை. அழகு அதற்கு ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம் ஒன்றும் உண்டு.

மான்செஸ்டரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் எடேல் என்ற சிற்றூரை அடைந்துவிடலாம். டெர்பிஷயர் மாவட்டத்தில், பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவின் மலைகளுக்கு நடுவே அமைந்த ஊர் அது. அக்டோபர் இறுதியில் அங்குள்ள மரங்கள் பொன்னிறம் பூணுகின்றன. பகல் குறுகிக் குளிர் ஏறும்போது இலைகளின் பச்சையம் சிதைகிறது. அதுவரை பச்சைக்குள் மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளிப்படுகின்றன. மலைச்சரிவுகளை மூடியிருக்கும் பெரணிச் செடிகள் செம்பழுப்பாகிச் சாய்கின்றன. ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்து குளிருக்குத் தப்பி வரும் பறவைகள் வேலிச் செடிகளின் சிவந்த பழங்களைக் கொத்துகின்றன.

டிசம்பரில் அந்த வண்ணமும் இருப்பதில்லை. ஆனால், இலைகள் மறைத்தவை எல்லாம் அப்போதுதான் கண்ணுக்குப் புலப்படுகின்றன. சாந்து பூசாமல் கல்மேல் கல் அடுக்கிய சுவர்கள், மலைச்சரிவெங்கும் நேர்கோடாக ஏறி இறங்குவதை ஒரு பனிக்காலக் காலையில் கண்டு நின்றேன். இத்தகைய சுவர்களுள் பல, பொது நிலங்களை வேலியிட்டுத் தனியுடைமையாக்கியதன் அடையாளங்கள். 1604 முதல் 1914 வரை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இதற்காக 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்களை இயற்றியது. அவற்றின் மூலம் சுமார் 68 லட்சம் ஏக்கர் நிலம் வேலிக்குள் சென்றது. பொருளாதார வரலாறு வகுப்பில் இந்தப் புள்ளிவிவரங்களை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவன் நான். அவற்றின் பொருள் கல்லாகக் கண்முன் நின்றபோது, நான் பாடம்தான் நடத்தியிருக்கிறேன், பார்த்ததில்லை என்று உணர்ந்தேன்.

அந்தச் சுவர்களைக் கடந்து செல்லும் பாதைதான் எனக்கு அதைவிடப் பெரிய வியப்பு. நான் சென்ற ஒற்றையடிப் பாதை ஒரு பண்ணையின் வாயிற்கதவில் போய் முட்டியது. உள்ளே ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அடுத்தவர் நிலத்தில் கால் வைக்கத் தயங்கி நின்றேன். வண்டியிலிருந்து வைக்கோலை இறக்கிக்கொண்டிருந்த பண்ணையார் நிமிர்ந்து பார்த்து, 'பாதை அந்தப் பக்கம், கதவை மட்டும் சாத்திவிடுங்கள்' என்று கைகாட்டினார். அவர் எனக்குச் சலுகை அளிக்கவில்லை. எனக்கு இருந்த உரிமையை நினைவூட்டினார்.

நிலம் அவருடையது, அதன் குறுக்கே நடக்கும் உரிமை பொதுமக்களுடையது. இவ்விரண்டையும் வெவ்வேறாகப் பிரித்துக் காண்கிறது அந்நாட்டுச் சட்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இவ்வாறான பொதுப் பாதைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர். நில அளவைத் துறையின் வரைபடங்களில் இவை கோடிட்டுக் காட்டப்பட்டுள்ளன. நடைபாதைக்கு மஞ்சள் அம்புக்குறி, குதிரையிலும் செல்லத்தக்க பாதைக்கு நீல அம்புக்குறி என வழிநெடுக அடையாளங்களும் உண்டு. ஒரு பாதையைப் பொதுமக்கள் தடையின்றி, ஒளிவு மறைவின்றி, அனுமதி கேட்காமல் 20 ஆண்டுகள் பயன்படுத்தி வந்தால், நிலவுடைமையாளர் அதைப் பொதுவழியாக விட்டுக்கொடுத்ததாகவே சட்டம் கருதும்; அப்படி விட்டுக்கொடுக்கும் எண்ணம் தமக்கு இருந்ததில்லை என்று அவர் மெய்ப்பித்தால் மட்டுமே விலக்கு.

இந்த உரிமைகள் எளிதில் வந்துவிடவில்லை. எடேலுக்கு மேலே உயர்ந்து நிற்கும் கிண்டர் ஸ்கௌட் பீடபூமி, ஒரு காலத்தில் செல்வந்தர்கள் பறவை வேட்டையாடும் தனியிடமாக இருந்தது. 1932 ஏப்ரல் 24 அன்று, மான்செஸ்டர் வட்டாரத் தொழிலாளர்களும் வேலையற்ற இளைஞர்களுமாகச் சுமார் 400 பேர் தடையை மீறி அதன்மீது ஏறினர். காவலாட்களுடன் கைகலப்பு மூண்டது. கலகம், தாக்குதல் போன்ற குற்றச்சாட்டுகளின்பேரில் ஐந்து இளைஞர்கள் சிறைக்கு அனுப்பப்பட்டனர். முன்னின்று நடத்திய பென்னி ராத்மனுக்கு அப்போது வயது 20.

அந்த ஒரு நாள் மட்டுமே அனைத்தையும் மாற்றிவிட்டது என்று கூறுவது மிகை. ஆயினும், நடைப்பயணிகள் பல பத்தாண்டுகளாக எழுப்பிவந்த கோரிக்கைக்கு அது முகம் கொடுத்தது. 1949-இல் தேசியப் பூங்காக்கள் சட்டம் நிறைவேறியது. பொதுப் பாதைகளை வரைபடத்தில் பதிவு செய்யும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளிடம் அச்சட்டம் ஒப்படைத்தது. 1951-இல் நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக பீக் டிஸ்ட்ரிக்ட் அறிவிக்கப்பட்டது. மலை, புதர்க்காடு போன்ற திறந்தவெளிகளில் பாதையை விட்டு விலகியும் உலவலாம் என்ற உரிமையை 2000-ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது.

குளிர்கால நடைக்கு நான் கூறும் ஆழமான காரணம் இங்கேதான் இருக்கிறது. பாதை என்பது நடப்பவர்களால் வாழ்வது. சமவெளி வயல்களில் இலையுதிர்காலமே குளிர்கால கோதுமைக்கு உழும் காலம். ஏர் ஓடினால் குறுக்குப் பாதை சுவடின்றி மறைகிறது. உழுத 14 நாள்களுக்குள் பாதையை மீண்டும் நடக்கத்தக்கதாக்க வேண்டும் என்பது விதி. அது நடந்ததா என்று யார் பார்ப்பது? அந்தச் சேற்றில் நடந்து போகிறவர் மட்டுமே பார்க்க முடியும். புகார் அளிக்கவும் முடியும். வெயில் காலத்தில் மட்டும் மக்கள் வருவார்களெனில், பாதை காணாமல் போவது எவருக்கும் தெரியாது.

இது வெறும் அச்சமன்று. பழைய வரைபடங்களை இன்றைய பதிவுகளோடு ஒப்பிட்ட ராம்ப்ளர்ஸ் என்ற நடைப்பயணிகள் அமைப்பு, பதிவுபெறாமல் விடுபட்ட பாதைகள் சுமார் 49,000 மைல் இருக்கலாம் என்று 2020-இல் மதிப்பிட்டது. இத்தகைய பாதைகளைப் பதிவு செய்வதற்கு முதலில் 2026 என்றும் பின்னர் 2031 என்றும் காலக்கெடு விதிக்கப்பட்டிருந்தது. அந்தக் கெடுவையே நீக்கப்போவதாக 2024 டிசம்பரில் பிரிட்டிஷ் அரசு அறிவித்தது.

அங்கே செல்ல வாய்ப்புள்ள என் வயதினருக்குச் சில குறிப்புகள். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். காலையிலேயே புறப்பட்டு மூன்று மணிக்குள் ஊர் திரும்புங்கள். நீர் புகாத காலணி, கைவிளக்கு, வெந்நீர்க் குடுவை, மாற்றுக் காலுறை ஆகியவை கட்டாயம். ஈரக் கற்படிகள் வழுக்கும் என்பதால் கைத்தடிக்கு வெட்கப்பட வேண்டாம். செல்லும் வழியை வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். மூடுபனி இறங்கினால், எவ்வளவு தூரம் வந்திருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

ஊர் திரும்பிய பிறகும் அந்தப் பாதை என்னை விடவில்லை. நம் நாட்டிலும் 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் அதே 20 ஆண்டுக் கணக்கைக் கொண்டிருக்கிறது. ஆனால், அது முதன்மையாக ஒரு நிலத்தின் உடைமையாளர் அடுத்த நிலத்தின் வழியே செல்வதற்குப் பெறும் உரிமை. ஊருக்குப் பொதுவான பாதைகளுக்கோ, வருவாய்த் துறை ஆவணங்களில் அவை வண்டிப்பாதை, நடைபாதை, புறம்போக்கு என்று பதிவாகியிருப்பதே பெரும் காப்பு. சிறுவயதில் நான் பள்ளிக்கு நடந்துசென்ற வாய்க்கால் கரைப் பாதையை அண்மையில் தேடிப் போனேன். கிராம வரைபடத்தில் அது இன்னும் கோடாக இருக்கிறது. தரையில் பாதித் தூரத்துக்கு மேல் முள்வேலியும் மனைக்கற்களுமே இருக்கின்றன. வேலி போட்டவரை மட்டும் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. பேருந்து வந்த பிறகு நாங்கள் எவரும் அந்த வழியில் நடக்கவில்லை.

பொங்கலுக்குச் சொந்த ஊர் செல்கிறவர்களிடம் ஒன்று வேண்டுவேன். ஊர் வரைபடத்தை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். மார்கழிப் பனி விலகாத காலையில், பேரப்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, அதில் கோடாக உள்ள பாதைகளில் நடந்து வாருங்கள். எங்கே நடக்க முடியவில்லையோ, அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு வந்து கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள்.