கணினியின் சேமிப்பகங்களைக் கண்டறியும் முறை

கற்றதும் கேட்டதும் மறந்துபோகாவாறு வைத்தற்கு நம் முன்னோர் பனையோலையைக் கருவியாகக் கொண்டனர். சுவடிகள் பல ஒருங்கு கிடந்த வீட்டில் தமக்கு வேண்டியதைத் தேடுவோர், கட்டுகளை எண்ணி, ஒவ்வொன்றாய் அவிழ்த்து, ஏட்டைப் பார்த்தே இன்ன நூலென்று தெளிந்தனர். இக்காலத்து மாணாக்கராகிய நம் கையில் இருப்பவை வன்தட்டும், பென் டிரைவும், மெமரி கார்டுமாம். புறத்தே இவை ஒன்றுபோல் மற்றொன்று தோன்றும். அகத்தேயோ ஒன்றில் தேர்வுக் குறிப்பு இருக்கும், மற்றொன்றில் ஒரு குடும்பத்தின் திருமணப் படம் இருக்கும். இவற்றுள் எது எதுவென்று கணினியையே வினவி அறியும் முறையொன்று உண்டு. அதனை நம் கல்லூரி நண்பர்கட்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம். அம்முறையை யாம் ஓர் இழப்பின் பின்னரே கற்றோம். ஆதலின் அவ்விழப்பை முதற்கண் கூறுதும்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் தொடங்கிய பெருமழை, மறுநாட் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. அடையாறு கரை கடந்தது. முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய இடங்களில் வீடுகளுள் வெள்ளம் புகுந்தது. அவ்விரவைப் பற்றி அங்குள்ளார் கூறுவனவற்றை அவர்தம் பேச்சு மொழியிலேயே பதிந்து வைக்க விரும்பி, யாமும் வகுப்புத் தோழர் இருவரும் விடுமுறை நாட்களில் முடிச்சூருக்குச் சென்றோம். பதினோரு பேர் பேசினர். முதலிற் பேசியவர் ஒரு முதியவர். மொட்டைமாடியில் மழையில் நனைந்தவாறே விடியுமளவும் அண்டை வீட்டார் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, மறுமொழி கேட்டுக்கொண்டே இருந்ததாக அவர் கூறினார். பதிவுகளையெல்லாம் ஒரு பென் டிரைவிற் சேர்த்து, கைப்பேசியில் இடம் போதாமையின் அங்கிருந்தவற்றை அழித்துவிட்டோம். இஃது எம் முதற் பிழை.

தோழர் ஒருவரிடம் பழைய மடிக்கணினி ஒன்று இருந்தது. அதில் பாஸ் லினக்ஸ் இட விரும்பினோம். பாஸ் என்பது சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கி 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட இயங்குதளம். 2011-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டரசு மாணாக்கர்க்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் இதுவும் இடம்பெற்றிருந்தது. அதனை இடுதற்கு முன் ஒரு பென் டிரைவில் அதன் பிரதியை முழுமையாக எழுதிக்கொள்ள வேண்டும். முதல் நாள் புதிய பென் டிரைவொன்றைச் செருகி எழுதிப் பார்த்தோம். கணினி அதனை எஸ்.டி.பி. என்று அழைத்தது. மறுநாள் மீண்டும் எழுத அமர்ந்தபோது, பதிவுகள் இருந்த பென் டிரைவு முன்னரே செருகப்பட்டிருந்தது. அதனை ஒருவரும் எண்ணிப் பார்த்திலோம். நேற்றைய கட்டளையையே மேல்நோக்கும் அம்புக்குறியால் அழைத்து, மீண்டும் இயக்கினோம். டி.டி. என்னும் அக்கட்டளை 'எழுதட்டுமா?' என்று வினவுவதில்லை. சொன்னதைச் சொன்னவாறே செய்யும். எழுதி முடிந்த பின்னரே, எழுதப்பட்டது முடிச்சூர்ப் பதிவுகளின் மேல் என்று கண்டோம்.

இது நிகழ்ந்தது ஏன்? லினக்ஸ் என்பது, 1991-ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி நகரத்துப் பல்கலைக்கழக மாணாக்கராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது. அதற்கு முன்மாதிரியாய் நின்றது, 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தோன்றிய யூனிக்ஸ். இவ்விரண்டிலும் பொருத்தப்பட்ட கருவியும் ஒரு கோப்பைப் போலவே கருதப்படும். டெவ் என்னும் அடைவில் அதற்கொரு பெயர் இருக்கும். வன்தட்டும் பென் டிரைவும் எஸ்.டி. என்னும் ஈரெழுத்தை முன்னர்ப் பெறும். முதலிற் காணப்பட்டது ஏ, அடுத்தது பி, அதற்கடுத்தது சி என்று மூன்றாம் எழுத்து அமையும். அதன்பின் வரும் எண், அத்தட்டின் உட்பிரிவைக் குறிக்கும். ஆகவே எஸ்.டி.பி. என்பது பொருளின் பெயரன்று. அது வந்த வரிசையின் பெயர். தாம்பரம் நிலையத்தில் நேற்றுக் கடற்கரை வண்டி நின்ற நடைமேடையை நம்பி, பலகையைப் பாராது இன்று ஏறுவோன் செங்கற்பட்டிற்குச் சென்று சேர்தலும் கூடும். யாம் செய்ததும் அதுவே.

ஆகையால் எழுதுமுன் பலகையைப் பார்த்தல் வேண்டும். அப்பலகையைக் காட்டும் கட்டளை எல், எஸ், பி, எல், கே என்னும் ஐந்து ஆங்கிலச் சிறிய எழுத்துக்களாலாயது. முனையத்தைத் திறந்து, இவ்வைந்தையும் இடைவெளியின்றித் தட்டெழுதி, என்டர் விசையை அழுத்துக. தட்டுகள் மரத்தின் அடிபோலவும், உட்பிரிவுகள் அதன் கிளைபோலவும் வரிசையாய்த் தோன்றும். இக்கட்டளை எதனையும் மாற்றுவதன்று; காட்டுவது மட்டுமே. எனவே எத்துணை முறை இயக்கினும் தீங்கில்லை.

தோன்றும் நிரல்களுள் நான்கினை நன்கு நோக்குக. சைஸ் என்பது அளவு. டைப் என்பது முழுத்தட்டோ உட்பிரிவோ என்பதைச் சொல்லும். மவுண்ட்பாயிண்ட் என்பது அது எந்த அடைவில் இணைக்கப்பட்டுள்ளது என்பதைச் சொல்லும். அங்கே சாய்கோடு ஒன்று மட்டும் நிற்குமாயின், இயங்குதளமே அதில் குடியிருக்கிறது என்று அறிந்து, அதனைத் தொடாது விடுக. ஆர்.எம். என்பதில் 1 நிற்குமாயின் அது கழற்றத்தக்கது. ஆயின் இதனை மட்டும் நம்புதல் ஆகாது. வெளியே கம்பியால் இணைக்கும் பெரிய வன்தட்டுகள் பல, கழற்றத்தக்கனவாயினும் 0 என்றே காட்டும்.

அளவைக் கண்டு சிலர் மயங்குவர். உறையில் 500 ஜி.பி. என்றிருக்க, திரையில் 465 என்று தோன்றும். களவுபோனது ஒன்றுமில்லை. செய்வோர் 1000-இன் மடங்குகளால் எண்ணுகின்றனர்; இக்கட்டளை 1024-இன் மடங்குகளால் எண்ணுகின்றது. இவ்வாறே 1000 ஜி.பி. கொண்ட தட்டு ஏறக்குறைய 931 என்று தோன்றும்.

எம்மிடமிருந்த இரு பென் டிரைவும் ஒரே கடையில் வாங்கிய ஒரே அளவின. அளவால் அவற்றைப் பிரித்தறிய இயலாது. அத்தகைய இடத்து, அதே கட்டளையின் பின் இடைவெளி விட்டு, சிறுகோடும் ஓ என்னும் சிறிய எழுத்தும் இட்டு, வேண்டும் நிரல்களின் பெயரைக் காற்புள்ளியால் பிரித்து எழுதலாம். மாடல் என்பது வகையையும், சீரியல் என்பது தொழிற்சாலையில் இட்ட வரிசை எண்ணையும், டிரான் என்பது எவ்வழியே இணைந்துள்ளது என்பதையும், லேபிள் என்பது நாம் சூட்டிய பெயரையும் தரும். யூ.யூ.ஐ.டி. என்பது ஒவ்வோர் உட்பிரிவுக்கும் இடப்பட்ட நீண்ட அடையாளம். பிரிவை அழித்து மீண்டும் வகுத்தால் அது மாறும். வரிசை எண்ணோ மாறாது. நன்னூல் கற்றார் இவற்றை இடுகுறியெனக் கொள்ளலாம். ஆயின் வந்த முறையால் மாறும் பெயரினும் நிலைத்து நிற்கும் இடுகுறியே இங்கு நம்பத்தக்கது.

இவற்றினும் எளிய சோதனை ஒன்று உண்டு. எழுத வேண்டிய பென் டிரைவைக் கழற்றிவிட்டு ஒருமுறை கட்டளையை இயக்குக. செருகியபின் மற்றொருமுறை இயக்குக. புதிதாய்த் தோன்றிய வரி எதுவோ அதுவே நீவிர் செருகியது. இதற்கு அரை நிமிடமும் ஆகாது. அவ்வரை நிமிடத்தை யாம் செலவிட்டிலோம்.

டி.எஃப். என்னும் வேறொரு கட்டளையும் உண்டு. அது இணைக்கப்பட்டவற்றின் காலியிடத்தையே காட்டும். செருகியும் இணைக்கப்படாதது அதில் தோன்றாது. அதிற் காணாமையால் இல்லையென்று துணிதல் தவறு. விண்டோஸில் டிஸ்க்பார்ட் என்பதைத் திறந்து லிஸ்ட் டிஸ்க் என்று எழுதினால் தட்டுகள் 0, 1, 2 என்று எண்ணிட்டுத் தோன்றும். ஆப்பிள் கணினியில் டிஸ்க்யூட்டில் லிஸ்ட் என்று எழுதுவர். அவ்விடங்களிலும் எண்ணை நம்பாது பொருளை நோக்குதலே முறை.

இனி எம் பதிவுகள் என்னாயின எனின், மேலெழுதப்பட்ட இடத்திலிருந்தவை மீளவில்லை. அதற்கப்பால் எழுத்துப் படாத இடத்திலிருந்தவற்றை ஃபோட்டோரெக் என்னும் மென்பொருளால் தேடி எடுத்தோம். பதினொன்றில் ஏழு கிடைத்தன. எஞ்சிய நால்வரிடம் மீண்டும் செல்லத் துணிந்து முடிச்சூருக்குச் சென்றோம். மூவர் சினவாது மறுமுறையும் பேசினர். முதலிற் பேசிய முதியவர் அதற்கு மூன்று கிழமைக்கு முன் இறந்துவிட்டார். அவர்தம் மகள் எமக்குத் தேநீர் கொடுத்து, தந்தையின் குரலைக் கேட்கலாமா என்று வினவினார். இல்லையென்று சொல்ல நேர்ந்தது.

அவர் சொன்னவற்றை நினைவிலிருந்து எழுதி அவ்வீட்டில் கொடுத்துள்ளோம், அது குரலாகாது. இப்போது பதிவுகள் மூன்று இடங்களில் இருக்கின்றன. ஒவ்வொரு பென் டிரைவுக்கும் பெயர் சூட்டியுள்ளோம். வரிசை எண்ணைக் குறிப்பேட்டிலும் எழுதியுள்ளோம். நண்பர்காள், நும் கையிலுள்ள சிறு கருவியில் யாருடைய குரல் இருக்கிறதென்று கணினி அறியாது, நீவிரே அறிவீர். ஆதலின், எழுதுமுன் ஒருமுறை எண்ணுக.